பல்லு வெட்டி எடுத்த வீட்டுக்கு

ஞானப்பல் ஒன்றை வெட்டி எடுக்க வைத்தியருக்கு அரை மணி நேரம் போதும், கடினமான பல் என்றால் ஒரு மணி நேரம். அதற்குப் பிறகு காயம் ஒழுங்காக ஆறுமா, இரண்டு கிழமைக்கு இழுத்தடிக்குமா என்பது பெரும்பாலும் வீட்டில்தான் தீர்மானமாகிறது. வைத்தியசாலையில் தருகிற துண்டில் "துப்ப வேண்டாம், சூடாகக் குடிக்க வேண்டாம், மென்மையான உணவு" என்று நாலு வரி இருக்கும், ஏன் என்று இருக்காது. காரணம் தெரியாத கட்டுப்பாடு எங்கள் வீடுகளில் ஒரு நாளுக்கு மேல் நிற்பதில்லை. அம்மம்மா நல்லெண்ணெய் கொப்பளிக்கச் சொல்லுவார். பக்கத்து வீட்டு மாமி சுடுதண்ணி ஒத்தடம் கொண்டு வருவார். நோயாளியும் வலி கொஞ்சம் குறைந்ததும் நண்டுக் குழம்பைத் தேடுவார். ஆகவே காரணங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பல் இருந்த குழிக்குள் இரத்தம் நிரம்பி உறைந்து, கருஞ்சிவப்பாக ஜெலி போல ஒரு கட்டியாக நிற்கும். அழுக்கு என்று நினைத்துச் சிலர் அதைக் கொப்பளித்தே வெளியேற்றிவிடுகிறார்கள். திறந்து கிடக்கிற எலும்புக்கு அந்தக் கட்டிதான் மூடி, புதுச் சதை அதற்குள்ளால்தான் வளர்ந்து வரவேண்டும். முதல் நாலைந்து நாளைக்குச் சொல்லப்படும் அத்தனை விதியும் அதைக் கழராமல் வைத்திருக்கத்தான். உறிஞ்சினால் கழரும். துப்பினாலும் பலமாக ஊதினாலும் கழரும். சுடச்சுடக் குடித்தால் இரத்தம் திரும்பக் கசியத் தொடங்கும். சிகரெட் புகைத்தால் கட்டி சரியாக உருவாகவே மாட்டாது. இதை நோயாளிக்கு மட்டும் சொல்லிப் பயனில்லை, சமைக்கிறவருக்கும் பார்த்துக்கொள்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஊதுவது என்றால் எங்கள் திருகோணமலைப் பக்கத்தில் பல வகை. விறகடுப்பில் சமைக்கிற அம்மா என்றால் ஊதுகுழலை ஒரு கிழமைக்கு வேறு யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பலூன் ஊதுவதும் கூடாது. கோயிலில் சங்கு ஊதுகிறவர், நாதஸ்வரம் வாசிக்கிறவர் தன் தொழிலைப் பல்வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லி, திருவிழா இல்லாத நாளாகப் பார்த்துத் திகதி எடுப்பது நல்லது. மேல் கடைவாய்ப்பல் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் வேர் கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், பல்லை எடுத்ததும் வாய்க்கும் காற்றறைக்கும் நடுவில் வழி திறக்கலாம். அப்படியானவர் இரண்டு கிழமைக்கு மூக்கைச் சீறக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சங்கு குளிக்கிறவர்களும், நிலாவெளி, புறாமலைப் பக்கம் சுழியோடுகிறவர்களும் வைத்தியர் சரி சொல்லும்வரை தண்ணீருக்கு அடியில் போகக் கூடாது, ஆழத்தில் மாறும் அழுத்தம் அந்த வழியைத் திறந்துவிடும்.

எல்லா ஞானப்பல்லையும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. எலும்புக்குள் சும்மா படுத்திருந்து எந்தத் தொல்லையும் தராத பல்லை எடுக்க வேண்டாம் என்று எந்தச் சிகிச்சை தேவை என்று வழிகாட்டும் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டே வழிகாட்டி வெளியிட்டது. அரைகுறையாக வெளியே வந்து, மேலே முரசு மூடியிருக்க, அதற்குள் சாப்பாடு போய்த் திரும்பத் திரும்பச் சீழ் கட்டுவது, பக்கத்துப் பல்லைச் சூத்தையாக்குவது, நீர்க்கட்டி வளர்வது, இவைதான் எடுப்பதற்கான காரணங்கள். இரண்டு தாடையும் ஒன்றாகத் தெரியும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வேரின் வடிவத்துக்கும், கீழ்ச் சொண்டுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு வேருக்கு எவ்வளவு கிட்ட ஓடுகிறது என்பதற்கும்தான்.

போகும் முன் வீட்டில் உள்ள மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் ஞாபகம் வைத்துச் சொல்வதை நம்ப வேண்டாம். அப்பா இரத்தத்தை மெலிதாக்கும் வார்பரின் குடிக்கிறவர் என்றால் தானாக நிறுத்தக் கூடாது, இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனை முடிவோடு போக வேண்டும். 4க்குக் கீழ் இருந்தால் அநேகமாக மருந்தை நிறுத்தாமலே பல்லை எடுப்பார்கள். இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் அப்படித்தான். பல்லில் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் வந்தால் அமத்தி நிறுத்தலாம், இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்க வைத்த ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கு ஆபத்து. அம்மாக்கள் சொல்ல மறப்பது எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று, வெறும் வயிற்றில் தண்ணீரோடு குடிக்கிற குளிசையை. தினமும் குடிக்காததால் அது மருந்துக் கணக்கிலேயே வராது. பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகிற அபாயம் அதனால் உண்டு, வைத்தியருக்கு அவசியம் தெரிய வேண்டும். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்கள், மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுகிறவர்கள் அதையும் சொல்ல வேண்டும்.

விறைப்பு ஊசியோடு மட்டும் செய்வதென்றால் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் கதிரையிலேயே தலை சுற்றும். நீரிழிவு உள்ளவர் காலைக் குளிசை, காலைச் சாப்பாடு இரண்டையும் வழக்கம்போல முடித்து, காலை நேரத்திலேயே திகதி கேட்க வேண்டும். பிரஷர் குளிசையையும் விட வேண்டாம், 180/110க்கு மேல் ஏறி நின்றால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்வதென்றால் கதை வேறு. சாப்பாட்டுக்கும் சத்திரசிகிச்சைக்கும் இடையில் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு. நோன்பு காலத்தில் திகதி கிடைத்தால் மாற்றிக் கேட்பது நல்லது, 6 மணி, 8 மணிக்கு ஒருமுறை குடிக்கிற மருந்து நோன்போடு பொருந்தாது.

மூதூர், கிண்ணியா, புல்மோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர் திரும்பும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும், மோட்டார்சைக்கிளைத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். பையில் ஒரு துவாய், தண்ணீர்ப் போத்தல், மிச்சக் கோஸ் (காயத்தில் வைத்துக் கடிக்கும் வலைத்துணி), பனடோல் (பரசிட்டமோல்) இருந்தால் போதும். விறைப்பு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் நிற்கும். பாதி வழியில் அது விட்டால் பஸ் குலுங்கும் ஒவ்வொரு தடவையும் தாடையில் தெரியும். ஆகவே முதல் குளிசையை விறைப்பு விடும் முன்னரே குடித்துவிட வேண்டும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி மருந்தில் லிடோகெயினும் கொஞ்சம் அட்ரினலினும் இருக்கும், அதனால் சில நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பிறகு அடங்கும். முரசை வெட்டி ஒதுக்கி, பல்லை மூடியிருக்கும் எலும்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டே குடைந்து, பல் சரிந்து கிடந்தால் அதை இரண்டு மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துத் தைப்பார்கள். வலி தெரியாது. அமத்துவதும் தள்ளுவதும் தெரியும், குடையும் சத்தம் காதுக்குள் கேட்கும். அமத்தல் தாண்டிக் கூர்மையாக வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம்.

வெளியே வரும்போது காயத்தின் மேல் கோஸ் வைத்துக் கடிக்கச் சொல்லுவார்கள். இதில்தான் முதல் பிழை நடக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, இரத்தம் இன்னும் வருகிறதா என்று பார்க்கிறார்கள். பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உறையத் தொடங்கியது பிய்ந்து வருகிறது. 30 நிமிடம் பேசாமல், எடுக்காமல், பல்லால் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். பிறகும் கசிந்தால் புதுக் கோஸை நாலாக மடித்து, லேசாக நனைத்து, குழியின் நேர் மேலே வைத்து இன்னொரு 30 நிமிடம் கடியுங்கள். கன்னப் பக்கம் வைத்தால் அமத்தம் விழாது. கோஸ் முடிந்துவிட்டால் தேயிலைப் பையை நனைத்துப் பிழிந்து கடிக்கலாம், தேயிலையின் துவர்ப்பு இரத்தத்தைக் கட்ட உதவும். பஞ்சு வைக்க வேண்டாம், அதன் இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் உமிழ்நீர் இளஞ்சிவப்பாக வருவது இயல்பு. ஒரு சொட்டு இரத்தம் ஒரு வாய் எச்சிலையே சிவப்பாக்கிவிடும். எச்சிலை விழுங்கலாம், துப்பக் கூடாது. இரண்டு தடவை முறையாகக் கடித்த பிறகும் வாய் நிரம்ப இரத்தம் வந்தால் பிந்தாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

விறைப்பு விடும்வரை சூடான எதையும் வாயில் வைக்க வேண்டாம், சொண்டும் நாக்கும் பொசுங்குவது தெரியாது. கைப்பிள்ளை உள்ள தாய்மார் பாலூட்டலாம். விறைப்பு ஊசிக்காகவோ பனடோல், இபுபுரோபனுக்காகவோ பாலை நிறுத்தத் தேவையில்லை. பிள்ளையைத் தையல் இல்லாத பக்கத்துத் தோளில் போடுங்கள், தலையால் கன்னத்தில் இடிப்பது இந்த வயதுப் பிள்ளைகளின் வழக்கம். தண்ணீர்க் குடம் தூக்குவது, குனிந்து கூட்டுவது, கோணேசர் மலை ஏறுவது எல்லாம் மூன்று நாலு நாள் பொறுக்க வேண்டும், இரத்த அழுத்தம் ஏறினால் காயம் திரும்பக் கசியும். கன்னியா வெந்நீரூற்றில் குளிப்பதையும் அந்தக் கிழமை தள்ளிப்போடுங்கள்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். இது தெரியாமல் "நேற்றைவிட இன்றைக்குக் கூடிப்போச்சு" என்று வீடே பதறும். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையத் தொடங்கினால் பயமில்லை. முதல் 24 மணி நேரம் ஐஸ் வைக்க வேண்டும், 15 நிமிடம் வைத்து 15 நிமிடம் விட்டு. பிள்ளைகள் குடிக்கிற ஐஸ் பக்கற்றை லேஞ்சியில் சுற்றி வைத்தால் கன்னத்தின் வளைவுக்கு நன்றாகப் பொருந்தும். நேரே தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். சுடுதண்ணி ஒத்தடம் முதல் இரண்டு நாள் வேண்டாம், அது இரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தைக் கூட்டும். மூன்றாம் நாளிலிருந்து இளஞ்சூட்டு ஒத்தடம் தாடை இறுக்கத்துக்கு நல்லது, மாமியின் ஒத்தடத்துக்கு அதுதான் சரியான நேரம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். கன்னத்திலோ கழுத்திலோ நீலமும் மஞ்சளுமாகக் கண்டல் இறங்குவது சாதாரணம்.

வலிக்கு வளர்ந்தவருக்குப் பனடோல் 500 மில்லிகிராம் இரண்டு குளிசை, 6 மணிக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. வைத்தியர் இபுபுரோபன் 400 மில்லிகிராம் எழுதியிருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வேளை. இரண்டும் வேறு வேறு வழியில் வேலை செய்வதால் சேர்த்துக் குடிப்பது தனித்தனியே குடிப்பதைவிட நன்றாகக் கேட்கும். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், மருந்தால் கூடும் ஆஸ்மா, கர்ப்பம், இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து இருந்தால் இபுபுரோபன் வேண்டாம்.

திருகோணமலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழி மழையோடு டெங்கு வருகிறது. சத்திரசிகிச்சை முடிந்து லேசான உடல் சூடு ஒரு நாள் இருக்கலாம். அதைத் தாண்டி நல்ல காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால் "பல்லால் வந்த காய்ச்சல்" என்று நினைத்து இபுபுரோபனைத் தொடரக் கூடாது. டெங்கு என்றால் அந்த மருந்தும், டைக்குளோபெனாக், அஸ்பிரினும் இரத்தப்போக்கைக் கூட்டும். பனடோல் மட்டும் குடித்து, உடனே வைத்தியரிடம் காட்டி, இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். பல் எடுத்த செய்தியையும் அங்கே சொல்லுங்கள். அன்ரிபயோட்டிக் எல்லோருக்கும் தேவைப்படாது. தந்திருந்தால் சொன்ன நாள் முழுவதும் குடிக்க வேண்டும். அதில் மெட்ரோனிடசோல் இருந்தால் குடித்து முடித்து இரண்டு நாள் வரை மதுபானம் தொடக் கூடாது.

சாப்பாட்டில் எங்கள் சமையல் பெரிய உதவி. பயற்றங்கஞ்சிக்கு அரைக் கப் பச்சையரிசி, கால் கப் வறுத்துத் தோல் நீக்கிய பயறு, ஆறு கப் தண்ணீர். குழைய அவித்து, மத்தால் கடைந்து, ஒரு கப் தேங்காய்ப் பால் விட்டு, உப்புப் போட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டுக் கொடுங்கள். சிவப்பரிசியில் சத்துக் கூடத்தான், ஆனால் அதன் தவிட்டுத் துண்டு குழிக்குள் போய்ச் சிக்கும், முதல் கிழமைக்கு வேண்டாம். இடியப்பத்தைச் சொதியில் பத்து நிமிடம் ஊறவிட்டால் மெல்லத் தேவையே இல்லை. புட்டு அப்படியல்ல, உதிரும் மாவும் தேங்காய்ப்பூவும் நேரே காயத்துக்குப் போகும். கடுகு, எள்ளு, மிளகாய் விதையும் அப்படியே. சொதிக்குத் தாளிக்காமல், பச்சை மிளகாயும் தேசிக்காயும் குறைத்து வையுங்கள். அரை அவியல் முட்டை, முள் பார்த்து உதிர்த்த அறக்குளா, கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரோடு மசித்த கதலிப்பழம், இவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும். கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் புதுச் சதைக்குத் தேவையான புரதம் கிடைக்காது, நீரிழிவுக்காரருக்குச் சீனியும் ஏறும். இளநீரைத் தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், ஸ்ட்ரோ வைத்து உறிஞ்ச வேண்டாம். இந்த வெயிலில் வாய் வலி என்று தண்ணீரைக் குறைப்பவர்களுக்குத்தான் தலையிடியும் சோர்வும் முதலில் வரும்.

24 மணி நேரம் கழிந்ததும் உப்புத் தண்ணீர் தொடங்கலாம். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டு நீருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும். கொப்பளிக்கத் தேவையில்லை. வாயில் எடுத்துத் தலையை அந்தப் பக்கம் சரித்து, அரை நிமிடம் வைத்திருந்து, குனிந்து வாயைத் திறந்தால் தானாக விழும். கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் 0.2 வீத வாய் கழுவும் திரவம் தந்திருந்தால் 10 மில்லிலீற்றர், காலையும் இரவும். பற்பசை அதன் வேலையைக் கெடுக்கும் என்பதால் பல் துலக்கி அரை மணி கழித்துப் பாவியுங்கள். தேத்தண்ணி குடிக்கிறவருக்குப் பல்லில் மண்ணிறக் கறை படியலாம், பிறகு சுத்தம் செய்துவிடலாம். மற்றப் பற்களை முதல் இரவிலிருந்தே துலக்க வேண்டும். உமிக்கரி, பற்பொடி, வேப்பங்குச்சி வேண்டாம்.

வெற்றிலை போடுகிறவர்களிடம் இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சுண்ணாம்பு பச்சைக் காயத்தைப் பொசுக்கும், பாக்குத் தூள் குழியில் சிக்கும், துப்பலோ கட்டியையே கழற்றும். பாக்கு நாட்பட வாயின் உட்தோலை நாராக்கி, வாய் திறப்பதைக் குறைத்துவிடும், அப்படியான வாயில் சத்திரசிகிச்சையே சிரமம். இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுநோய்க்குத்தான். காயத்துக்காக இரண்டு கிழமை வெற்றிலையை விட்ட ஒருவர் அப்படியே முழுதாக விட்டுவிட வீட்டார் துணை நிற்க வேண்டும்.

மூன்றாம் நாலாம் நாளில், குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறி, காதுவரை இழுத்து, பனடோலுக்கும் கேட்காமல், வாயில் கெட்ட மணமும் வந்தால், கட்டி கழன்று எலும்பு திறந்துவிட்டது என்று அர்த்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால் கருஞ்சிவப்புக்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் வெறும் குழி தெரியும். கீழ் ஞானப்பல்லில்தான் இது அதிகம். புகைப்பவர்களுக்கும், கர்ப்பத்தடைக் குளிசை குடிக்கும் பெண்களுக்கும் அபாயம் கூட. பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கிக் குடிப்பதால் இது தீராது. பல்வைத்தியர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் சில நிமிடத்திலேயே வலி இறங்கும், தேவைப்பட்டால் இரண்டு நாளைக்கொருமுறை மாற்றுவார்கள். அந்த மருந்தில் பெரும்பாலும் கராம்பிலிருந்து வரும் யூஜினோல் இருக்கும், ஆகவே அம்மம்மாவின் கராம்பு யோசனை அடிப்படையில் பிழையல்ல. ஆனால் கராம்பு எண்ணெயை வீட்டில் நேரே ஊற்றினால் முரசு வெந்துபோகும்.

காத்திருக்கவே கூடாத அறிகுறிகளும் உண்டு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் கூடுவது, குளிரோடு காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகுவது, நாக்கின் அடி கட்டியாகி மேலே தள்ளுவது, குரல் மாறுவது, மூச்சு முட்டுவது. கடைசி மூன்றில் ஒன்று வந்தாலே இரவு பகல் பாராமல் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கறுப்புப் பட்டு நூல் போட்டிருந்தால் ஏழாம் நாள் அளவில் வெட்ட வேண்டும், கரையும் நூல் தானாக விழும். விறைப்பு விட்ட பிறகும் மறுநாள் சொண்டோ நாடியோ நாக்கின் ஒரு பக்கமோ உணர்வில்லாமல் இருந்தால் தையல் வெட்டும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவை சில கிழமை, சில மாதத்தில் திரும்பும், ஆனால் ஆரம்பத்திலேயே பதிந்து கவனிக்க வேண்டிய விடயம் அது. வாய் திறப்பது முதல் கிழமை இறுக்கமாகத்தான் இருக்கும். நாலாம் நாளிலிருந்து, ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்காக முன்பற்களுக்கிடையில் வைத்து, தினமும் ஒன்று கூட்டிக்கொண்டு வந்தால் மூன்று விரல் நுழையும் அளவு திரும்பிவிடும்.

தையல் போன பிறகும் குழி இருக்கும், சோற்றுப்பருக்கை போகும். ஊசியில்லாத 10 மில்லிலீற்றர் சிறிஞ்சில் இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர் எடுத்து, நுனியைக் குழியின் வாயில் மட்டும் வைத்து மெதுவாக அடியுங்கள், வரும் தண்ணீர் தெளியும்வரை. இதை முதல் நாட்களில் செய்யக் கூடாது, கட்டி போய்விடும். வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் ஒரு கிழமைக்குப் பிறகு, இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கும் முன் செய்யுங்கள். முரசு மூடிக்கொள்ள நாலிலிருந்து ஆறு கிழமை எடுக்கும், உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம் செல்லும்.